வெள்ளம் குடித்த கியர்ப் பெட்டியும் பத்து பிஎஸ்ஐ காற்றும்

பெப்ரவரி முதல் ஞாயிறு, காலை பத்தரை மணிக்கு என் வானின் கியர்ப் பெட்டிக்குள் 2.2 லீற்றர் எண்ணெய் ஏறி முடிந்தது. மருமகனின் கைப்பேசிக் கணக்கில் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. டிசம்பரில் இதே வேலைக்கு ஒரு மணியும் பத்து நிமிடமும் எடுத்தன. ஜனவரியில் நான் உடுத்தியிருந்த சாரம் பாழானது, முக்கால் லீற்றர் எண்ணெய் மண்ணில் ஊறியது. இந்த மூன்று நாட்களுக்கும் இடையில் நான் விட்ட பிழைகள் புதிதாகச் செய்யப்போகிறவருக்குப் பயன்படும் என்பதால் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வான் டொயோட்டா ஹயஸ். ஊரில் டொல்பின் என்றால்தான் தெரியும். கையால் மாற்றும் கியர், பின் சக்கர இழுவை. ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்பு நகருக்குப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் அதன் பிழைப்பும் என் பிழைப்பும். 2024 நவம்பர் கடைசி வார வெள்ளத்தில் கிரான் பக்கம் இருக்கும் உறவுகளை ஏற்றிவரப் போனேன். போகும்போது தண்ணீர் சக்கரத்தில் பாதி. திரும்பும்போது அதற்கும் மேல். இயந்திரம் நிற்காமல் வந்து சேர்ந்ததே பெரிது என்று நினைத்து, வானைக் கழுவி நிறுத்திவிட்டு மறந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மூன்றாம் கியர் உறுமத் தொடங்கியது. வானுக்குக் கீழே படுத்து, கியர்ப் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணெய் ஊற்றும் நட்டைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தேன். விரலில் வந்தது எண்ணெய் அல்ல, பால் தேநீர். நிறமும் அதுதான், தடிப்பும் கிட்டத்தட்ட அதுதான். பின் அச்சின் நடுவில் இருந்து இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிபெரன்சலையும் திறந்தேன். அங்கேயும் அதே கடை, அதே தேநீர்.

தண்ணீர் எப்படிப் போனது என்பது பிறகுதான் விளங்கியது. கியர்ப் பெட்டிக்கும் டிபெரன்சலுக்கும் மூச்சு விடுவதற்கென்று ஒரு சிறு வழி இருக்கிறது. ஓடிச் சூடேறிய இரும்பு திடீரென்று குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கினால் வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். அன்று வெளியில் இருந்தது வெள்ளம்.

சந்தேகம் தீர ஒரு சோதனையும் செய்தேன். பழைய பால்மா ரின்னின் மூடியை அடுப்பில் நன்றாகக் காயவைத்து, அதன் மீது இரண்டு துளி எண்ணெயை விட்டேன். நல்ல எண்ணெய் பேசாமல் பரவிப் புகையும். இது தாளிதத்துக் கடுகு போல வெடித்துச் சிதறியது. மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்த்துவிட்டு, இனி இந்த அடுப்பில் இப்படி ஒன்றும் நடக்கக்கூடாது என்றார். சோதனைக்கு அந்த ஒரு தடவையே போதுமாக இருந்தது.

இப்படித் தண்ணீர் கலந்தால் ஒருமுறை மாற்றினால் தீராது. விலை குறைந்த எண்ணெயை விட்டுக் கொஞ்சம் ஓடி, வடித்து, மறுபடியும் விட்டு, மறுபடியும் வடித்து, நிறம் தெளிந்த பிறகுதான் நல்ல எண்ணெய் விடவேண்டும். ஒரு கராஜில் ஒருமுறை மாற்றினால் போதும், வீண் செலவு செய்யாதீர்கள் என்றார்கள். இன்னொன்றில் இரண்டு நாள் வானை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பிள்ளைகளைத் தோளிலா தூக்கிப் போவது? வீட்டு வளவிலேயே செய்வதென்று முடிவெடுத்தேன்.

வடிப்பது எளிது. அடியில் இருக்கும் நட்டைத் திறந்தால் எண்ணெய் தானாக இறங்கும். ஏற்றுவதுதான் வில்லங்கம். ஊற்றும் துளை பெட்டியின் பக்கத்தில், வானின் தளத்துக்கு நேர் கீழே இருக்கிறது. போத்தலைக் கவிழ்க்க இடமில்லை. புனல் வைக்கவும் இடமில்லை. கீழிருந்து மேலே எண்ணெயை ஏற்ற ஏதாவது ஒரு விசை வேண்டும்.

முதல் விசை என் பெருவிரல். மருந்துக் கடையில் 60 மில்லிலீற்றர் ஊசிக்குழல் ஒன்று வாங்கி, நுனியில் சிறு குழாய் மாட்டி, உறிஞ்சி உறிஞ்சி அடித்தேன். 2.2 லீற்றருக்கு 37 தடவை. இருபதாவது தடவைக்குப் பிறகு றப்பர் முனை இறுகிப்போய், உள்ளே தள்ள உள்ளங்கையால் குத்தவேண்டியிருந்தது. கியர்ப் பெட்டியின் முதல் கழுவல் அப்படித்தான் முடிந்தது. அன்று மாலை சோற்றைப் பிசையக் கை ஒத்துழைக்கவில்லை.

டிபெரன்சல் இன்னும் மீதம் இருந்தது. அதற்குத்தான் காற்று யோசனை வந்தது. மூடிய பாத்திரத்தில் எண்ணெயை விட்டு மேலே காற்றை அடைத்தால், அடிவரை போகும் குழாய் வழியாக எண்ணெய் வெளியே ஏறும். வீட்டில் எண்ணெய் வந்த நான்கு லீற்றர் பிளாஸ்டிக் கலன் ஒன்று சும்மா கிடந்தது. டயர் கடையில் ரியூப் இல்லாத டயருக்குப் போடும் றப்பர் வால்வை 250 ரூபாய்க்கு வாங்கினேன். அதற்கு 11.5 மில்லிமீற்றர் துளை வேண்டும். என்னிடம் இருந்தது 10 மில்லிமீற்றர் அலகு. துளைத்துவிட்டு வட்ட அரத்தால் அராவினேன். வால்வின் வாலில் சவர்க்காரம் பூசிக் குறட்டால் இழுத்ததும் டப்பென்று வந்து உட்கார்ந்தது. அந்த ஒலியில் ஒரு மகிழ்ச்சி இருந்தது, உண்மை.

மகிழ்ச்சி ஆறாவது மிதியில் போய்விட்டது. காலால் மிதிக்கும் பம்பை மாட்டி மிதிக்க, கலனின் நான்கு பக்கமும் வயிறு ஊதிய ஆட்டைப்போல வெளியே தள்ளின. பம்பில் இருந்த அழுத்தமானியின் முள் அப்போது ஐந்தைக்கூடத் தாண்டவில்லை. பிறகு கணக்குப் பார்த்தேன். கலனின் பெரிய பக்கம் 18க்கு 25 சென்ரிமீற்றர். பத்து பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்குப் பத்து இறாத்தல் என்றால், அந்த ஒரு பக்கத்தின் மீது மட்டும் 300 கிலோவுக்கு மேல் அழுத்தம். நான்கு மூட்டை நெல்லை ஒரு பிளாஸ்டிக் தகட்டின் மீது ஏற்றுவது போல. சதுரப் பாத்திரம் காற்றுக்கு ஆகாது. காற்று அதை உருண்டையாக்கப் பார்க்கும், முடியாவிட்டால் மூலையில் கிழிக்கும். மிதிப்பதை நிறுத்திவிட்டு மறுபடியும் ஊசிக்குழலை எடுத்தேன். டிபெரன்சலுக்கு 1.8 லீற்றர், 30 தடவை.

உருண்டையான, காற்றைத் தாங்கவென்றே செய்த, அடிவரை குழாய் போகிற பாத்திரம் எது என்று ஒரு வாரம் யோசித்தேன். வயலுக்குப் போனபோது அது மாமாவின் முதுகில் இருந்தது.

மருந்தடிக்கும் கருவிதான். பெரும்போகத்தில் நம் பக்கத்து வரம்புகளில் முதுகுக்கு முதுகு பார்க்கிற பொருள் இத்தனை நாளும் என் கண்ணில் படவில்லை. மாமா வீட்டில் பழையது ஒன்று இருந்தது. கழுவித் தருகிறேன், கொண்டுபோங்கள் மகன் என்றார். கழுவியும் பார்த்தோம். சவர்க்காரம் போட்டு மூன்று தடவை கழுவிய பிறகும் களைநாசினி வாடை மூக்கைப் பிடித்தது. வாடை ஒருபுறம் இருக்கட்டும், மடிப்புகளில் தங்கும் தண்ணீரை எப்படி எடுப்பது? தண்ணீரை வெளியேற்றத்தானே இத்தனை பாடு. பழையதை வைத்துவிட்டுக் காத்தான்குடியில் புதிதாக ஒன்று வாங்கினேன். தோளில் போடும் பெரியது அல்ல. தரையில் வைத்து மேலிருந்து கைப்பம்பு அடிக்கும் ஐந்து லீற்றர் தெளிகருவி, 4,800 ரூபாய். உருண்டை உடல், அழுத்தம் கூடினால் தானாகத் திறக்கும் சிறு வால்வு, அதையே கையால் இழுத்துக் காற்றை வெளியேற்றும் வளையம். கடைக்காரர் எந்தப் பயிருக்கு என்று கேட்டார். வானுக்கு என்றேன். மேலே ஒன்றும் கேட்கவில்லை.

ஜனவரியில் கியர்ப் பெட்டியின் இரண்டாவது கழுவல். நான் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று, தெளிக்கும் தடியை வெட்டி எறிந்துவிட்டுக் குழாயின் நுனியை அப்படியே துளைக்குள் செருகினேன். மருமகன் மேலே பம்பு அடிக்க, நான் கீழே படுத்திருந்தேன். எண்ணெய் வந்தது, வந்தது என்று சொல்வதைவிடக் கசிந்தது என்று சொல்லலாம். முன்கூட்டியே அளவுச் சாடியில் பிடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பிறகு பிடித்துப் பார்த்தபோது நிமிடத்துக்கு ஒரு தேநீர்க் கோப்பை, 150 மில்லிலீற்றர். மழைக்காலக் காலை, குளிர்ந்த எண்ணெய், உட்புறம் 5 மில்லிமீற்றர் மட்டுமே உள்ள குழாய்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் செய்யும் பிழையை நானும் செய்தேன். ஓட்டம் குறைந்தால் காற்றைக் கூட்டு என்று கத்தினேன். மருமகனுக்குப் பதினாறு வயது, கையில் பலம் இருக்கிறது, சொன்னதைச் செய்தான். குழாய் விறைத்தது. வளைந்து கிடந்தது நிமிர்ந்தது. நிமிர்ந்த வேகத்தில் நுனி துளையிலிருந்து பாய்ந்து வெளியே வந்து, சாரைப்பாம்பு போல என் மார்பிலும் வானின் அடித்தளத்திலும் மாறி மாறி அடித்தது. பார்வைக் கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. அழுத்தத்தை நிறுத்து என்று நான் கத்த, அவன் பதற்றத்தில் பம்பின் தலையையே திருகத் தொடங்கினான். வளையத்தை இழு, வளையத்தை இழு என்று தொண்டை கிழியக் கத்திய பிறகுதான் கை சரியான இடத்துக்குப் போனது. அழுத்தம் இருக்கும்போது தலையைத் திருகியிருந்தால் பம்பு அவன் முகத்துக்கு வந்திருக்கும். அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. இனி எனக்கு உதவ வருகிறவருக்கு முதலில் காட்டுவது அந்த வளையத்தைத்தான். பம்பு அடிக்கும் கைப்பிடி அதற்குப் பிறகு.

முக்கால் லீற்றர் எண்ணெய் மண்ணில். எங்கள் வளவு கடற்கரை மணல், கிணற்றில் தண்ணீர் ஆறேழு அடியில் நிற்கும். நனைந்த மணலை அள்ளி உரப்பையில் கட்டி ஒதுக்கிவைக்க அரை நாள் போனது.

அதன்பின் காற்றை விட்டுவிட்டுக் குழாயைப் பார்த்தேன். தடித்த எண்ணெய் ஒரு குழாய் வழியாகப் போகும்போது, உட்புற விட்டம் இரட்டித்தால் ஓட்டம் பதினாறு மடங்காகிறது. அழுத்தம் இரட்டித்தாலோ ஓட்டமும் இரட்டிக்கும், அவ்வளவுதான். ஐந்து மில்லிமீற்றரை எட்டாக்கினால் அதே காற்றில் ஆறு மடங்குக்கு மேல். இதை முதலில் யோசித்திருந்தால் சாரம் மிஞ்சியிருக்கும்.

எட்டு மில்லிமீற்றர் தெளிந்த பிளாஸ்டிக் குழாய் இரண்டு மீற்றர் 440 ரூபாய். ஒன்றரை மீற்றர் வெளியே, மீதி தெளிகருவிக்குள் அடிவரை போகும் குழாயாக. உள்ளே இருந்த மெல்லிய குழாயையும் அதன் முனையில் இருந்த வலை வடிகட்டியையும் கழற்றிவிட்டேன். அந்த வலை மருந்துக்கு நல்லது, கியர் எண்ணெய்க்கு அது ஒரு மூடிய கதவு. வெளிவாயில் இருந்த பிளாஸ்டிக் நட்டை எடுத்துவிட்டுப் பித்தளை முனை போட்டேன். அதையடுத்து ‘டி’ எனப்படும் மூன்று வாய்ப் பித்தளை இணைப்பு, அதில் 60 வரை காட்டும் சிறு அழுத்தமானி. நீர்ப்பம்பு உதிரிப்பாகக் கடையில் மூன்றும் சேர்த்து 1,900 ரூபாய். முள் இல்லாமல் காற்று அடிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வரம்பில் நடப்பது போல என்று அந்த ஜனவரிக் காலையில் கற்றிருந்தேன்.

குழாயின் மறுமுனையில், கைக்கு எட்டும் இடத்தில், கால் சுற்றில் மூடும் பித்தளை வால்வு, 1,350 ரூபாய். மலிவாகச் செய்யலாம் என்று முதலில் துணி காயப்போடும் கவ்வியால் குழாயை நெரித்துப் பார்த்தேன். பத்து பிஎஸ்ஐக்கே அது வழுக்குகிறது. வால்வுக்கு மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

நுனிக்கு ஒரு கொக்கி வேண்டும். குழாய் துளையை விட்டு வெளியே வராமல் தானாகத் தொங்கி நிற்கவேண்டும். குளிர்சாதனப் பெட்டி திருத்தும் ஒருவரிடம் 8 மில்லிமீற்றர் செப்புக் குழாய் ஒரு அடி வாங்கினேன், 650 ரூபாய். வெறுமனே வளைத்தால் செம்பு நடுவில் தட்டையாகிவிடும். முதல் நான்கு அங்குலத்தை அப்படித்தான் நாசமாக்கினேன். இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. ஒரு முனையை அடைத்து, காய்ந்த மணலை இறுக்கித் தட்டி நிரப்பி, மறுமுனையையும் அடைத்துவிட்டு வளைப்பது. மணலுக்கு எங்களுக்கா பஞ்சம்? கடற்கரை மணலை சட்டியில் வறுத்து ஈரம் போக்கி, தேநீர் வடியால் அரித்து நிரப்பினேன். ஒரு தகரப் பேணியைச் சுற்றி மெல்ல மெல்ல வளைத்தேன். தூண்டில் முள்ளைப்போல வட்டம் குலையாமல் வந்தது.

வளைப்பதைவிட மணலை வெளியேற்றுவதற்குத்தான் கூடுதல் நேரம் எடுத்தேன். ஒரு மணல் கியர்ப் பற்களுக்கு இடையில் போனால் செய்த வேலை எல்லாம் வீண். தட்டி, கம்பியில் துணி சுற்றி இழுத்து, மண்ணெண்ணெயில் மூன்று தடவை அலசி, ஒவ்வொரு தடவையும் அலசிய மண்ணெண்ணெயை வெள்ளைக் கோப்பையில் விட்டுப் பார்த்தேன். இரண்டாவது கோப்பையின் அடியிலும் நாலைந்து மணிகள் மின்னின. மூன்றாவதில் இல்லை. இருந்தும் நான்காவது தடவை அலசினேன். பிறகு சைக்கிள் கடையில் காற்றடித்து ஊதிக் காயவைத்தேன்.

குழாயைச் சுற்றி இறுக்கும் கிளிப்கள் ஆறு, 480 ரூபாய். கிளிப் இல்லாமல் குழாயைச் செருகுவது எண்ணெய் வேலையில் நடக்காத காரியம், எண்ணெய் பட்ட பிளாஸ்டிக் மீன்போல வழுக்கும்.

ஜனவரி கடைசியில் டிபெரன்சலின் இரண்டாவது கழுவலில் புதிய அமைப்பைச் சோதித்தேன். ஓட்டம் அருமை. ஆனால் வேறொரு பாடம் கிடைத்தது. தெளிகருவிக்குள் அளந்து இரண்டு லீற்றர் மட்டும் விட்டிருந்தேன். எண்ணெய் தீரும் தறுவாயில் உட்குழாய் காற்றை உறிஞ்ச, டிபெரன்சலுக்குள் கொறகொறவென்று சத்தம். துளை வாயில் நுரை பொங்கி வழிந்தது. நிரம்பிவிட்டது என்று நினைத்து நட்டைப் பூட்டினேன். இரவு படுக்கும்போது மனம் கேட்கவில்லை. காலையில் திறந்து விரலை விட்டால் எண்ணெய் எட்டவில்லை. நுரை அடங்கியபின் மட்டம் இறங்கியிருக்கிறது. இன்னும் 350 மில்லிலீற்றர் பிடித்தது. இப்போது தேவையைவிட அரை லீற்றராவது கூட விட்டுத்தான் தொடங்குகிறேன். மிச்சம் தெளிகருவிக்குள்ளேயே அடுத்த தடவைக்கு இருக்கும்.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. பம்பின் அடியில் இருந்த றப்பர் வளையம் எண்ணெயில் ஊறி வீங்கி, பள்ளத்தை விட்டு எழுந்து நின்றது. மருந்துக்கும் தண்ணீருக்கும் என்று போட்ட றப்பர் கனிம எண்ணெயைத் தாங்காது. பழையதை எடுத்துக்கொண்டு போய், எண்ணெய்க்குரிய கறுப்பு நைட்ரைல் வளையம் அதே அளவில் மூன்று வாங்கினேன், 300 ரூபாய். ஒன்றைப் போட்டேன். இரண்டு கையிருப்பில்.

இனி பெப்ரவரி ஞாயிறு.

மணல் வளவில் வானைத் தூக்குவதே தனி வேலை. டிசம்பரில் ஜக் மணலுக்குள் இறங்கி வான் ஒருபக்கம் சாய்ந்தது நினைவில் இருந்ததால், இரண்டு அங்குலத் தடிப்பில் பனம் பலகைகளை ஸ்டாண்டுகளுக்குக் கீழே வைத்தேன். நான்கு ஸ்டாண்டில் இரண்டு இரவல். சீமெந்துக் கல்லை அடுக்கி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கல் அறிவிப்பு இல்லாமல் உடையும், கீழே கிடப்பது நாம். நான்கு சக்கரமும் எழும்பிய பிறகு மேசன் தம்பியிடம் வாங்கிய ரசமட்டத்தைக் கதவுப் படியில் நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துச் சமன் பார்த்தேன். பக்கத் துளையில் மட்டம் பார்க்கும் பெட்டிக்கு வான் சாய்ந்திருந்தால் எண்ணெய்க் கணக்கும் சாய்ந்துவிடும்.

முதலில் ஊற்றும் நட்டைத் திறக்கவேண்டும், அதற்குப் பிறகுதான் வடிக்கும் நட்டு. மாற்றிச் செய்து, வடித்து முடித்தபின் ஊற்றும் நட்டு அசைய மறுத்தால் வான் எண்ணெய் இல்லாமல் வளவிலேயே கிடக்கும். என் வானில் இரண்டுக்கும் 24 மில்லிமீற்றர். டிபெரன்சல் நட்டை முன்பு ஒரு கராஜில் யாரோ இரண்டு ஆள் பலத்தில் இறுக்கி வைத்திருந்தார்கள். டிசம்பரில் திறந்த வாய் ஸ்பனரால் முயன்று ஒரு மூலையை உருட்டிவிட்டேன். உப்புக் காற்று ஊரில் இது சாதாரணம். ஆறு மூலை சொக்கெட்டும் ஒரு இரவு ஊறிய துரு நீக்கியும்தான் அசைத்தன.

வடித்த எண்ணெய் இந்த முறை கலங்கலாகக்கூட இல்லை, பழைய தேன் நிறம். காந்த நட்டில் சாம்பல் நிறப் பசை மட்டும் இருந்தது. விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தேன், முள் ஒன்றும் தட்டவில்லை. மூன்றாம் கியரின் உறுமலும் இரண்டாவது கழுவலுக்குப் பிறகே குறைந்துவிட்டது.

கியர்ப் பெட்டிக்கு நல்ல எண்ணெய், தடிப்பு எண் 75டபிள்யூ-90, தரம் ஜிஎல்-4. டிபெரன்சலுக்கு ஜிஎல்-5. கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் பித்தளை வளையங்களுக்கு ஜிஎல்-4தான் பாதுகாப்பு என்பது என் கட்சி. எண்ணெய்ப் போத்தல்களைக் காலை ஏழரை மணியிலிருந்து தகரக் கூரையின் மீது வெயிலில் வைத்திருந்தேன். பத்து மணிக்குத் தொட்டால் கை சுடும் அளவுக்குச் சூடு. போத்தலைச் சாய்த்துப் பார்த்தாலே தெரியும், காலையில் பாணியாக இருந்தது இப்போது நல்லெண்ணெயாக ஓடியது. இந்த வெயிலுக்குச் செலவு இல்லை. கொம்பிரசர் வாங்க நினைப்பவர் முதலில் இதைச் செய்து பார்க்கவேண்டும்.

ஐந்து லீற்றர் பாத்திரத்தில் மூன்று லீற்றர்தான் விட்டேன். கழுத்துவரை நிரப்பினால் காற்றுக்கு இடம் இருக்காது, நாலு துளி போனதும் அழுத்தம் விழுந்துவிடும். காற்றுக்கான அந்த இடம்தான் இங்கே எண்ணெயைத் தள்ளும் சுருள்வில். வால்வை மூடிவைத்துக் கைப்பம்பை அடிக்க, பதினெட்டாவது அடியில் முள் பத்தைத் தொட்டது. கொக்கியைத் துளையில் மாட்டினேன். வால்வைத் திறந்தேன்.

தெளிந்த குழாயில் எண்ணெய் ஏறிவருவதைப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் பட்ட இடத்தில் அது தேயிலைச் சாயம் போல மின்னியது. குழாய் அசையவில்லை. கொக்கி அசையவில்லை. முள் ஐந்துக்கு இறங்கும்போதெல்லாம் மருமகன் நாலைந்து அடி அடித்தான், மொத்தம் ஐம்பத்தைந்து என்று எண்ணி வைத்திருக்கிறான். துளையின் கீழ் விளிம்பில் முதலில் ஒரு துளி, பிறகு நூல் போல ஒரு ஒழுக்கு. வால்வை மூடினேன். ஒழுக்கு நூலாகி, துளியாகி, நிற்கும்வரை காத்திருந்து சுண்டுவிரலை வளைத்து உள்ளே விட்டேன். எண்ணெய் விளிம்போடு நின்றது. புதிய வாஷர் போட்டு, இரவல் வாங்கிய முறுக்குமானியில் 40 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினேன். சாரத்தில் ஒரு பொட்டு இல்லை.

கருவிக்கு ஆன செலவைக் கூட்டினால் 9,920 ரூபாய். பயனில்லாமல் போன டயர் வால்வு, ஊசிக்குழல், பழைய குழாய், மண்ணில் போன எண்ணெய் இதில் சேரவில்லை, அவற்றைக் கூட்ட எனக்கு மனமில்லை. கொழும்பிலிருந்து வரவழைக்கும், கொம்பிரசரில் ஓடும் கருவியின் விலையை விசாரித்தபோது எனக்குச் சொன்னது இதைப்போல மூன்று மடங்கு. கராஜ் வைத்து நாளுக்கு ஐந்து வண்டி பார்ப்பவருக்கு அது தகும்.

கொம்பிரசரையும் விட்டுவைக்கவில்லை. மைத்துனரிடம் 24 லீற்றர் கொம்பிரசர் ஒன்று இருக்கிறது. டிபெரன்சலுக்கு நல்ல எண்ணெய் விடும்போது, கைப்பம்புக்கு வேலை இல்லாமல் செய்யலாமே என்று அதை மாட்டிப் பார்த்தோம். அழுத்தம் குறைக்கும் குமிழைத் திருகத் திருக முள் அசையவில்லை, பிறகு ஒரே தாவலில் நாற்பதுக்குப் போனது. தெளிகருவியின் வால்வு கூவியது. எண்ணெய் வால்வு மூடியிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. கொம்பிரசர் அன்றே வீடு திரும்பியது. இரண்டு லீற்றர் எண்ணெய்க்கு ஐம்பத்தைந்து அடி ஒரு உழைப்பா?

அடுத்த தடவை மாற்றப்போவது முக்கியமாகக் குழாயை. தெளிந்த பிளாஸ்டிக் ஒரு மாதத்திலேயே மஞ்சளித்து விறைக்கத் தொடங்கிவிட்டது. எண்ணெய் தாங்கும் கறுப்பு றப்பர்க் குழாய் அடி 350 ரூபாய், ஐந்து அடி போதும். ஆனால் எண்ணெய் போவதைப் பார்க்க முடியாது என்பதால் நடுவில் ஒரு சாண் தெளிந்த குழாயை விட்டுவைப்பேன். அழுத்தமானியை வெளிவாயில் வைத்ததும் அவ்வளவு சரியில்லை. வால்வு திறந்திருக்கும்போது அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டுகிறது. பம்பின் தலையில் வைக்கவேண்டும், ஆனால் காற்றைத் தாங்கும் பாகத்தில் துளை போட எனக்குத் துணிவில்லை. மூச்சு வழிகளுக்குக் குழாய் மாட்டி மேலே, இருக்கைக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்தும் வேலையை அடுத்த மழைக்கு முன் செய்யவேண்டும்.

பழைய எண்ணெய் பதின்மூன்று லீற்றருக்குக் கிட்ட இரண்டு கலனில் நிற்கிறது. வேலிக் கட்டைக்குப் பூச, கறையான் வராது என்று பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். கிணறு பக்கத்தில் என்பதால் கொடுக்கவில்லை. கழிவு எண்ணெய் எடுப்பவர் மாதத்துக்கு ஒருமுறை சேர்விஸ் நிலையத்துக்கு வருகிறார், அவருக்கென்று வைத்திருக்கிறேன்.

தெளிகருவியின் வயிற்றில் ‘எண்ணெய்க்கு மட்டும்’ என்று சிவப்பு வர்ணத்தில் எழுதிக் கொட்டிலில் தூக்கி வைத்தேன். மாமா வந்து பார்த்துவிட்டு, சிறுபோகத்துக்கு இது கிடைக்காதா என்று கேட்டார். ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் நட்டைத் திறந்து மறுபடியும் விரலை விட்டுப் பார்ப்பதாக இருக்கிறேன். இப்போதைக்கு 340 ஆகியிருக்கிறது.